குடும்பத்தோடு பாறை ஏறப் போக இடம் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதல் தடவை நாங்கள் இடம் முடிவு செய்தது ஒரே ஒரு போட்டோவைப் பார்த்து. ஆரஞ்சு நிறத்தில் செங்குத்துப் பாறை, நடுவில் ஒருவர் தொங்குகிறார், பின்னால் பள்ளத்தாக்கு. போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது: அந்தப் போட்டோவில் பாறையின் அடிப்பகுதியே இல்லை. அங்கே பாய் விரிக்கும் அளவுக்குக்கூடச் சமதரை கிடையாது. சரளைக்கல் சரிவு, அதற்குக் கீழே பள்ளம். மூன்று வயதுப் பையனை என் மனைவி நாள் முழுக்க மடியை விட்டு இறக்கவில்லை. நான் இரண்டு ரூட் (பாறையில் ஏறும் தடம்) ஏறினேன், அதுவும் குற்ற உணர்ச்சியோடு. கூட வந்த நண்பர் ஒருவர்தான் சந்தோஷமாக இருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இதுதான்: குடும்பத்தில் மிகக் குறைவாக ஏறப்போகிறவர் யாரோ, அவரை மனதில் வைத்து இடம் பார்ப்பது. அவருக்குச் சரிப்பட்டால் மற்றவர்களுக்குத் தானாகச் சரிப்படும்.

படிகளுக்குப் போகும் முன் நாலு வார்த்தை. ஸ்போர்ட் கிளைம்பிங் என்றால், பாறையில் ஏற்கெனவே துளையிட்டுப் பொருத்திய போல்ட்டுகளில் கயிற்றை மாட்டிக்கொண்டே ஏறுவது. அப்படி முதலில் ஏறிப் போவது லீட். கயிறு மேலே ஆங்கர் எனும் உறுதியான பிடிப்பில் ஏற்கெனவே தொங்க, அதில் கட்டிக்கொண்டு ஏறுவது டாப்ரோப். குழந்தைகளும் புதியவர்களும் இப்படித்தான் ஏறுவார்கள். கீழே நின்று கயிற்றைக் கட்டுப்படுத்துவது பிலே.

படி 1: ஆள் கணக்குப் போடுங்கள்

இது வரைபடத்தைத் திறக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை. ஒருவர் ஏற, ஒருவர் பிலே பிடிக்க வேண்டும். பிலே பிடிப்பவரின் கண் ஏறுபவர் மேலேயே இருக்க வேண்டும், ஒரு கை கயிற்றை விடக் கூடாது. சரி, அப்போது குழந்தையை யார் பார்ப்பது? "பக்கத்தில்தானே விளையாடுகிறாள்" என்ற பதில் செல்லாது. குழந்தை தடுக்கி விழுந்தால் பிலே பிடிப்பவர் திரும்பித்தான் பார்ப்பார். யாராக இருந்தாலும் பார்ப்பார்.

ஆக, இரண்டு பெரியவர்களும் ஒரு சின்னக் குழந்தையும் மட்டும் போனால், குழந்தை தூங்கும் நேரம் தவிர யாரும் ஏற முடியாது. வழி இரண்டு: மூன்றாவதாக ஒரு பெரியவர் வர வேண்டும், அல்லது இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போக வேண்டும். மூன்றாமவர் தாத்தா பாட்டியாக இருந்தால் அவர்களால் எவ்வளவு நடக்க முடியும் என்பதும் கணக்கில் சேரும். வழிகாட்டி எடுத்துக்கொள்வதும் இந்தக் கணக்கைத் தீர்க்கும். வெளியே ஏறிப் பழக்கமில்லாத குடும்பத்துக்கு முதல் நாளாவது பயிற்சி பெற்ற வழிகாட்டி வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

படி 2: கிரேடைப் பாருங்கள், ஆனால் கீழிருந்து

கிரேடு என்பது ஒரு ரூட் எவ்வளவு கடினம் என்று சொல்லும் அளவு. பல நாடுகளில் புழங்குவது பிரெஞ்சு அளவு. எண் கூடக் கூடக் கடினம். 5-லிருந்து எண்ணுக்குப் பின்னால் ஏ, பி, சி வரும், கூட்டல் குறியும் வரும். அமெரிக்க முறையில் 5.10ஏ என்று எழுதுவது ஏறக்குறைய பிரெஞ்சு 6ஏ. இந்த ஏணியின் மேல்நுனி 9சி. 2017-ல் செக் நாட்டு வீரர் ஆடம் ஓந்த்ரா நார்வேயில் ஏறிய ரூட்தான் அந்த அளவில் முதலாவது. நமக்கு வேண்டியது அடிநுனி.

ஒரு இடத்தில் எத்தனை ரூட் இருக்கிறது என்ற மொத்த எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். 4-க்கும் 5சி-க்கும் நடுவில் எத்தனை, அவை ஒரே பாறையில் பக்கம் பக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐந்து எளிய ரூட் ஐந்து வெவ்வேறு பாறைகளில் சிதறிக் கிடந்தால் குடும்பத்துக்குப் பயனில்லை. அதே பாறையில் 6பி போல ஒன்றிரண்டு இருந்தால் ஏறத் தெரிந்தவருக்கும் அலுக்காது.

செயற்கைச் சுவர் வைத்த ஜிம்மில் ஏறும் கிரேடை அப்படியே வெளியே எதிர்பார்க்காதீர்கள். உள்ளே பிடி எங்கே என்று நிறமே சொல்லிவிடும். பாறையில் நாமே தேட வேண்டும். முதல் இரண்டு நாளுக்கு இரண்டு படி குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டுகளின் இடைவெளியும் இடத்துக்கு இடம் மாறும். பிரான்சின் செயூஸ் உலகப் புகழ் பெற்ற சுண்ணாம்புப் பாறை. ஆனால் அங்கே போல்ட்டுகள் தள்ளித் தள்ளி இருக்கும், பாறைக்குப் போக ஒரு மணி நேரம் போல மேடேற வேண்டும். ஜெர்மனியின் ஃபிராங்கன்யூராவில் பாறைகள் காட்டுக்குள் குட்டை குட்டையாக இருக்கும், குழந்தைகளுக்கு மரநிழலும் கிடைக்கும். ஆனால் பல ரூட்டுகளில் முதல் போல்ட்டே எட்டாத உயரத்தில் இருக்கும். நீண்ட கம்பின் நுனியில் கயிற்றை மாட்டி அந்த முதல் போல்ட்டில் கோர்த்துவிட்டுத்தான் பலர் ஏறத் தொடங்குவார்கள். அந்தக் கம்பைக் கொண்டுபோக வெட்கப்பட வேண்டாம்.

படி 3: பாறையின் அடிவாரத்தை ஆராயுங்கள்

நாளில் முக்கால்வாசி நேரம் எல்லோரும் இருக்கப் போவது இங்கேதான். அதனால் நான் அதிக நேரம் செலவழிப்பதும் இந்தப் படியில்தான். என்ன தேட வேண்டும்?

தரை சமமாக இருக்கிறதா, விளிம்பு இருக்கிறதா என்பது முதல் கேள்வி. ஆளில்லாத அழகான பாறைப் படங்களை ஒதுக்கிவிட்டு, அடியில் ஆட்கள் நிற்கிற படங்களைத் தேடுங்கள். பைகள் எப்படிக் கிடக்கின்றன என்று கவனியுங்கள். விரித்துப் போட்டிருந்தால் தரை சமம். எல்லாப் பையும் மரத்திலோ போல்ட்டிலோ கட்டித் தொங்கினால், வைத்தது உருண்டு போகும் இடம் அது. பை உருளும் இடத்தில் குழந்தையும் உருளும். இந்த ஒரு தந்திரம் எங்களை இரண்டு தடவை காப்பாற்றியிருக்கிறது.

அடுத்தது கல் விழும் ஆபத்து. ஏறுபவர் கைபட்டுக் கல் பெயரலாம், மேலே மேயும் ஆடுகள் தட்டிவிடலாம். கிரீஸின் காலிம்னோஸ் தீவில் ஆடுகள் உருட்டும் கல் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனவே ஹெல்மெட் ஏறுபவருக்கு மட்டுமானது என்று நினைக்காதீர்கள். அடியில் இருக்கும் குழந்தைக்கும் வேண்டும். விளையாடும் இடம் ரூட்டுகளுக்கு நேர் கீழே இல்லாமல் பத்துப் பதினைந்து மீட்டராவது தள்ளி அமையுமா என்று பாருங்கள்.

நடை தூரம் அப்புறம். கைடு புத்தகம் "15 நிமிடம்" என்றால், அது கயிறு சுமந்த திடகாத்திரமான ஆளின் 15 நிமிடம். நாலு வயதுக் குழந்தையோடு இரண்டால் பெருக்குங்கள். வழியில் எறும்புப் புற்று இருந்தால் மூன்றால். பல கைடு புத்தகங்களில் குழந்தைகளுக்கு ஏற்ற பாறைகளுக்குத் தனிக் குறியீடு உண்டு. அதை ஒரு தொடக்கமாக எடுத்துக்கொண்டு, பிறகு படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாய்லாந்தின் ரைலேயை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. சுற்றிலும் பாறை அடைத்திருப்பதால் படகில்தான் போக முடியும். போய்விட்டால் 'ஒன் டூ த்ரீ' என்கிற தொடக்கநிலைப் பாறைக்குத் தட்டையான பாதை. கூட்டம்தான் தொல்லை, காலையில் சீக்கிரம் போக வேண்டும்.

படி 4: மாதமும் வெயிலும்

பள்ளி விடுமுறை எப்போதோ அப்போதுதான் குடும்பம் போக முடியும். ஆகவே "எந்த ஊருக்குப் போகலாம்" என்பதற்கு முன் "எந்த மாதம்" என்று கேளுங்கள். காலிம்னோஸுக்கு வசந்தமும் இலையுதிர் காலமும் நல்லவை, நடுக்கோடையில் சூடு வாட்டும். ரைலேக்கு நவம்பரிலிருந்து மார்ச் வரை மழை குறைவு. கர்நாடகத்தின் பாதாமியில் சிவப்பு மணற்பாறை வெயிலில் கொதிக்கும், அங்கே குளிர்காலம்தான். துருக்கியில் அந்தால்யா பக்கம் உள்ள கெயிக்பாயிரிக்கும் ஸ்பெயினின் எல் சோர்ரோவுக்கும் கோடையைத் தவிர்த்துப் போக வேண்டும். கோடை விடுமுறைதான் கிடைக்கும் என்றால் மலை உயரத்தில் உள்ள இடங்களையோ மரம் அடர்ந்த இடங்களையோ பாருங்கள்.

பாறை எந்தத் திசை பார்க்கிறது என்பதும் முக்கியம். கிழக்குப் பார்த்த பாறையில் காலையில் வெயில், மாலையில் நிழல். மேற்குப் பார்த்தது அதற்கு நேர்மாறு. காலிம்னோஸில் மசூரி ஊருக்கு மேலே உள்ள பல பாறைகள் மேற்குப் பார்த்தவை. நண்பகல் தாண்டும்வரை நிழலில் ஏறிவிட்டு, வெயில் வந்ததும் கடலுக்கு இறங்கிவிடலாம். குழந்தைகளின் பொறுமையும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் தீரும்.

படி 5: ஏறாத நாளுக்கு என்ன இருக்கிறது?

மூன்றாம் நாள் விரல்தோல் உரிந்திருக்கும், ஓய்வு வேண்டும். ஏற விருப்பமில்லாதவருக்கோ எல்லா நாளுமே ஓய்வு நாள்தான். காலிம்னோஸ், ரைலே, இத்தாலியின் ஃபினாலே லிகுரே மூன்றிலும் கடல் உண்டு. அதே இத்தாலியின் ஆர்க்கோவுக்குப் பக்கத்தில் கார்டா ஏரி. பாதாமியில் 6-ஆம் நூற்றாண்டுச் சாளுக்கியர் குடைவரைகளே ஒரு நாளை எடுத்துக்கொள்ளும். சுற்றிலும் பாறையைத் தவிர ஒன்றுமில்லாத ஊர்கள் தீவிரமாக ஏறுபவர்களின் சொர்க்கம். குடும்பத்தோடு போனால் நாலாம் நாள் சண்டை நிச்சயம்.

படி 6: கயிறும் போல்ட்டும்

இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ரூட் 30 மீட்டர் என்றால் மேலே போய்த் திரும்பி இறங்க 60 மீட்டர் கயிறு வேண்டும். காலிம்னோஸ் போன்ற இடங்களில் நீண்ட ரூட்டுகள் இருப்பதால் 70 மீட்டராவது கொண்டுபோகச் சொல்வார்கள். கயிற்றின் நுனியில் எப்போதும் முடிச்சுப் போடுங்கள். கயிறு போதாமல் நுனி பிலே கருவி வழியாக உருவிப் போய்விட்டால் மேலே இருப்பவர் நேராகத் தரைக்கு வருவார். அந்த ஒரு முடிச்சு அதைத் தடுக்கும்.

கடலோரப் பாறைகளில் உப்புக் காற்று எஃகு போல்ட்டுகளை வெளியே தெரியாமலே அரிக்கும். ரைலேயில் இதனால்தான் டைட்டானியம் போல்ட்டுகளைப் பசை வைத்துப் பொருத்தத் தொடங்கினார்கள். கடலோர இடத்துக்குப் போவதானால், எந்தெந்த ரூட்டுகளில் போல்ட்டுகளை மாற்றியிருக்கிறார்கள் என்று அங்கே ஏறுபவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு இடுப்பு ஒடுக்கம், தலைகீழானால் சாதாரண ஹார்னஸ் (கயிற்றோடு இணைக்கும் இடுப்புப் பட்டை) நழுவலாம். அவர்களுக்குத் தோளையும் சேர்த்துக் கட்டும் முழு உடல் ஹார்னஸ் வேண்டும். முதல் நாள் உச்சிவரை ஏற்றிவிட அவசரப்படாதீர்கள். இரண்டு மீட்டர் ஏறச் சொல்லி, கையை விட்டு, ஹார்னஸில் நாற்காலி மாதிரி உட்காரச் சொல்லி, மெதுவாக இறக்குங்கள். ஐந்தாறு தடவை. இதைப் பழகாத குழந்தை பத்து மீட்டர் உயரத்தில் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "இறங்க மாட்டேன்" என்று அழும். கீழே நிற்கும் நீங்களும் கிட்டத்தட்ட அழுவீர்கள்.

படி 7: இரண்டு இடம் மிஞ்சியதும், ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

இவ்வளவும் வடிகட்டினால் இரண்டு மூன்று இடம்தான் மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் ஒரு நாளை மணி வாரியாக எழுதுங்கள். 7 மணிக்குக் கிளம்புவது, எந்த வண்டி, எங்கே நிறுத்துவது. 8 மணிக்குப் பாறை அடியில், நிழல் எந்தப் பக்கம். 9 மணிக்கு முதல் ரூட், யார் ஏறுகிறார், யார் பிலே. 11 மணிக்கு யார் எங்கே இருக்கிறார்கள். 1 மணிக்கு எல்லோரும் கீழே வந்து எங்கே போகிறார்கள். மழை வந்தால் என்ன. பக்கத்து மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம்.

நாங்கள் போன தடவை இப்படி எழுதும்போது, மனதுக்கு மிகவும் பிடித்திருந்த ஒரு இடத்தின் தாளில் 11 மணிக்கு எதிரே குழந்தை எங்கே இருப்பான் என்று எழுதவே முடியவில்லை. கால் மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டோம். அவனுக்குப் பத்து வயதாகும்போது எடுப்போம்.