பட்ஜியா, காக்டெயிலா? முதல் கிளி வாங்கும் முன் செய்ய வேண்டியவை

"லவ் பேர்ட்ஸ் வாங்கலாம்னு இருக்கோம், எந்தக் கலர் நல்லா இருக்கும்?" வீட்டில் பறவை வளர்க்கிறேன் என்று தெரிந்ததும் பெரும்பாலும் என்னிடம் வரும் முதல் கேள்வி இதுதான். நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்தப் பறவை என்று முடிவாக வேண்டும்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜி என்ற சின்னக் கிளி. அசல் லவ் பேர்ட் வேறு இனம்: ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, கட்டை வால், பெரிய அலகு. கடைக்காரர்கள் அதை "ஆப்பிரிக்கன்" என்று தனியாகச் சொல்வார்கள். கடிக்கும் குணம் அதிகம் என்பதால் முதல் பறவையாக அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. மிச்சம் இருப்பது பட்ஜியும், தலையில் கொண்டை வைத்த காக்டெயில் கிளியும்.

படி 1: பச்சைக்கிளி ஆசையை விட்டுவிடுங்கள்

கழுத்தில் வளையம் போட்ட நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. "எல்லாரும்தான் வளர்க்கிறாங்க" என்று சந்தையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரப்பொந்திலிருந்து பிடுங்கி வந்த குஞ்சு அது.

பட்ஜி, காக்டெயில் இரண்டும் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளைச் சேர்ந்தவை. இன்று கடைக்கு வருபவை பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. ஜான் கூல்டு என்ற பறவையியலாளர் 1840இல் பட்ஜியை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனதிலிருந்து அது வீட்டுப் பறவையாகிவிட்டது. பல வெளிநாட்டுக் கிளிகளை வளர்க்க அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். இந்த இரண்டுக்கும் அது தேவையில்லை.

படி 2: இரண்டையும் நேரில் பாருங்கள், கேளுங்கள்

பணம் எடுத்துக்கொள்ளாமல் ஒரு நாள் கடைக்குப் போங்கள். அரை மணி நேரம் நின்றால் போதும்.

பட்ஜி ஒரு சாண் நீளம், 30 முதல் 40 கிராம். ஓயாத கீச்சு; சத்தம் சிறிது, ஆனால் விடிந்ததிலிருந்து அடையும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். காக்டெயில் ஓர் அடி நீளம், அதில் பாதி வால். எடை 80 முதல் 100 கிராம். பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆனால் ஆண் சீட்டியடிக்க ஆரம்பித்தால், அல்லது நீங்கள் கண்ணில் படாமல் போய் அது கூப்பிட ஆரம்பித்தால், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

காக்டெயிலின் கொண்டையைக் கவனித்துப் பாருங்கள். நேராக விறைத்து நின்றால் பயம் அல்லது கவனம். பாதி சாய்ந்திருந்தால் நிம்மதி. தலையோடு ஒட்டப் படுத்துச் சீறினால் கையை எடுத்துவிட வேண்டும். முதல் தடவை வளர்ப்பவருக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் அதன் மனநிலை தலையிலேயே எழுதியிருக்கிறது. பட்ஜியிடம் அதைப் படிக்கக் கொஞ்ச நாள் பழக வேண்டும்.

படி 3: வீட்டைக் கேளுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது உட்கார்ந்து பேசுங்கள்.

யாருக்காவது ஆஸ்துமாவோ வீசிங்கோ இருக்கிறதா? இருந்தால் காக்டெயில் வேண்டாம். அதன் இறகிலிருந்து டால்கம் பவுடர் போல வெள்ளைத் தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கறுப்புத் துணியைத் தோளில் போட்டு அதை ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள், தெரிந்துவிடும். பட்ஜியிடமும் தூசு உண்டு, ஆனால் மிகக் குறைவு. இழுப்பு கடுமையாக இருப்பவர்கள் பட்ஜிக்கும் முன்னால் டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது.

பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? காலை எட்டு மணிக்குப் பூட்டி மாலை ஆறு மணிக்குத் திறக்கும் வீடு என்றால், யோசிக்கவே வேண்டாம், பட்ஜி ஜோடி. அவை ஒன்றுக்கொன்று துணை. நீங்கள் இல்லாத நேரத்தையும் பேசியே கழித்துவிடும். காக்டெயில் ஆளைத் தேடும் பறவை. தனியாக விட்டால் கத்தும், சில சமயம் தன் இறகைத் தானே பிடுங்கும். தாத்தா, பாட்டி இருக்கும் வீடு, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் உள்ள வீடு என்றால் காக்டெயில் அருமையான துணை.

எத்தனை வருஷம்? நன்றாகப் பார்த்துக்கொண்டால் பட்ஜி ஐந்து முதல் பத்து வருஷம், காக்டெயில் பதினைந்து முதல் இருபது வருஷம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கும் காக்டெயில், அந்தப் பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் வீட்டில் இருக்கும். அப்போது தண்ணீர் மாற்றப்போவது அம்மாதான். அம்மாவைக் கேட்டீர்களா?

பறவையைக் கையில் வைத்துக் கொஞ்ச வேண்டும் என்பதே ஆசையா? அப்படியானால் காக்டெயில். தலையைக் குனிந்து கழுத்தைச் சொறியச் சொல்லிக் கேட்கும். பட்ஜியும் பழகும், தோளில் உட்காரும். ஆனால் துறுதுறுவென்று ஓடும் பறவை, பிடித்து வைத்துக்கொண்டால் பிடிக்காது. பேச்சு வேண்டும் என்றால் ஆண் பட்ஜிக்குத்தான் வாய்ப்பு அதிகம். பக் என்ற அமெரிக்கப் பட்ஜி 1,728 சொற்கள் சொன்னதாகக் கின்னஸில் 1995இல் பதிவானது. ஆண் காக்டெயில் பேசுவதைவிடப் பாட்டைச் சீட்டியடிக்கும்.

படி 4: ஒன்றா, ஜோடியா?

பட்ஜி என்றால் இரண்டு. இரண்டு ஆணாக இருந்தாலும் பிரச்சினையில்லை, நன்றாகவே ஒத்துப்போகும். காக்டெயில் என்றால், தினமும் இரண்டு மூன்று மணி நேரம் கூட இருக்க முடியுமானால் ஒன்று, முடியாவிட்டால் இரண்டு.

கூண்டு வாங்கும்போது நீங்கள் கேட்காமலேயே கடைக்காரர் ஒரு மண்பானையைக் கட்டிக் கொடுப்பார். அதை வாங்காதீர்கள். பானை தூங்கும் இடமில்லை, முட்டையிடும் இடம். பானையைப் பார்த்ததும் பெண் பறவைக்கு முட்டையிடத் தோன்றும். ஈட்டுக்கு ஈடு ஓய்வில்லாமல் முட்டையிட்டுச் சுண்ணாம்புச் சத்து குறைந்து, கடைசியில் முட்டை வெளியே வராமல் அடைத்துச் செத்துப்போகும். பெண் காக்டெயில் ஆண் துணை இல்லாமலேயே முட்டையிடும். பறவைகள் பானையில் தூங்குவதில்லை, கிளையில் உட்கார்ந்துதான் தூங்கும்.

படி 5: பறவைக்கு முன் கூண்டு

உயரத்தைவிட நீளம் முக்கியம், ஏனென்றால் அவை குறுக்கே பறப்பவை. பட்ஜி ஜோடிக்கு இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம் குறைந்தபட்சம். காக்டெயிலுக்கு ஒன்றே என்றாலும் அதே அளவு வேண்டும், ஜோடி என்றால் மூன்றடிக்குக் குறையக் கூடாது. பட்ஜிக்குக் கம்பிகளின் இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தலை மாட்டிக்கொள்ளும். உருண்டைக் கூண்டு வேண்டாம்.

கூண்டோடு வரும் பிளாஸ்டிக் குச்சிகளைக் கழற்றிவிட்டு, மருந்து தெளிக்காத கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ கழுவி, காயவைத்து மாட்டுங்கள். தடிமன் ஒரே மாதிரி இல்லாமல் இருந்தால்தான் காலில் புண் வராது. அடுப்படியில் கூண்டு வைக்கவே கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி மூன்றும் அந்த அறையில் வேண்டாம்.

படி 6: கடையில் எதைப் பார்ப்பது

பட்ஜியின் அலகுக்கு மேலே, மூக்குத் துளைகள் இருக்கும் சதைப்பட்டையைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு நல்ல நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. குஞ்சு ஆணுக்கு இளஞ்சிவப்பு கலந்த ஊதா. குஞ்சுப் பெண்ணுக்கு வெளிறிய நீலம், துளையைச் சுற்றி வெள்ளை வளையம். இந்த வெளிறிய நீலத்தைப் பார்த்து ஆண் என்று ஏமாறுகிறவர்கள் நிறைய. முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் ஆணுக்கு வளர்ந்த பிறகும் ஊதாவாகவே இருக்கும். இளசா என்று பார்க்க நெற்றியைப் பாருங்கள்: கோடுகள் அந்தப் பட்டை வரை இறங்கியிருந்தால் நாலு மாதத்துக்குள். நெற்றி சுத்தமாக இருந்தால் வளர்ந்தது.

காக்டெயில் குஞ்சுகளில் ஆண் பெண் கண்ணால் சொல்வது கஷ்டம். முதல் இறகுதிர்ப்புக்குப் பிறகு சாம்பல் நிற ஆணின் முகம் நல்ல மஞ்சளாகும். பெண்ணின் வாலுக்கு அடியில் குறுக்குக் கோடுகள் தங்கிவிடும். நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றால் இறகை அனுப்பி டிஎன்ஏ பரிசோதனை செய்யலாம்.

இறகை உப்பிக்கொண்டு மூலையில் இருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, ஆசனவாயைச் சுற்றி அழுக்கு ஒட்டியிருப்பது, பட்ஜியின் அலகோரத்தில் தேன்கூடு போல வெள்ளைச் செதில்: இவற்றில் ஒன்று இருந்தாலும் இரக்கப்பட்டு வாங்காதீர்கள்.

இன்னொன்று. "கையில் வளர்த்தால் நல்லா பழகும்" என்று சொல்லி, தானாகத் தின்னத் தெரியாத காக்டெயில் குஞ்சையும் ஒரு சிரிஞ்சையும் சேர்த்து விற்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கூழ் சூடு அதிகமாகி இரைப்பை வெந்து, அந்தக் குஞ்சு நாலாம் நாள் போய்விட்டது. அதை ஊட்டியது பத்து வயதுப் பையன். தன் கண்ணெதிரே விதை தின்பதைப் பார்த்த பிறகே பறவையை வாங்க வேண்டும் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

படி 7: தீனி

தினைப்புனம் காத்த வள்ளி யாரை விரட்டினாள்? கிளியைத்தான். தினை இன்றும் இரண்டுக்கும் முதல் தீனி. அதோடு சாமை, கம்பு. சூரியகாந்தி விதை கொழுப்பு. காக்டெயிலுக்கு நாளைக்கு நாலைந்து போதும். விதை மட்டுமே போட்டால் ஈரல் கெடும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் தினமும் கொஞ்சம். கணவாய் ஓடு ஒன்று கூண்டில் தொங்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கிடைக்கும். அவகேடோ, சாக்லேட், காபி, உப்புப் பண்டம் கூடவே கூடாது.

தீனிக் கிண்ணத்தில் தினமும் வாயால் ஊதிப் பாருங்கள். உமி மட்டும் மேலே கிடக்கும், நிறைந்திருப்பது போலத் தெரியும். அதை நம்பி விட்டுவிட்டால் பறவை பட்டினி கிடக்கும்.

படி 8: முதல் இரண்டு வாரம்

காக்டெயில் என்றால் இரவு விளக்கு அவசியம். எங்கள் வீட்டுக்குக் காக்டெயில் வந்த மூன்றாம் வாரம், நடுநிசியில் கரண்ட் போனது. கூண்டின் மேல் பல்லி ஓடியிருக்க வேண்டும். இருட்டில் இறக்கையைக் கம்பியில் அடித்துக்கொண்டு அது போட்ட சத்தத்தில் எழுந்து ஓடினேன். சுவரெல்லாம் ரத்தத் துளி. வளரும் இறகு ஒன்று முறிந்திருந்தது. சோள மாவை அந்த இடத்தில் அழுத்திப் பிடித்த பிறகுதான் ரத்தம் நின்றது. அன்றிலிருந்து சார்ஜில் எரியும் சின்ன விளக்கு ஒன்று கூண்டருகே எப்போதும் உண்டு. பட்ஜிக்கு இந்தத் தொந்தரவு குறைவு.

வெளியே விடும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள், சன்னலைச் சாத்துங்கள், கண்ணாடிக்குத் திரை போடுங்கள். ஏற்கெனவே பறவை இருந்தால் புதியதை ஒரு மாதம் வேறு அறையில் வையுங்கள். பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் யார் என்று நோய் வரும் முன்பே விசாரித்து வையுங்கள்.

முதல் மூன்று நாள் தீனி, தண்ணீர் வைப்பதோடு சரி. கூண்டுக்குள் வேறெதற்கும் கை போகக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், பேப்பரைச் சத்தமாக வாசியுங்கள். நாலாம் நாளிலிருந்து ஒரு தினைக் கதிரைக் கம்பிக்கு வெளியிலிருந்து நீட்டுங்கள். அங்கேயே தின்ன ஆரம்பித்ததும் கதவைத் திறந்து உள்ளே நீட்டுங்கள். ஒவ்வொரு நாளும் கதிரைக் கொஞ்சம் குட்டையாகப் பிடியுங்கள், கடைசியில் அது உங்கள் விரலில் ஏறினால்தான் எட்டும். ஏறும்போது கால் நகம் சில்லென்று படும். விரலை மூடிவிடாதீர்கள், தின்று முடித்துத் தானாக இறங்கட்டும்.