அலுமாரி மணக்கிறதா? முதலில் காயவிடுங்கள்

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் 26 வருடமாக இருக்கிறேன். யன்னலைத் திறந்தால் கடற்காற்று நேரே வீட்டுக்குள் வரும். அதில் வரும் உப்பு துணியிலும் மரத்திலும் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பது எனக்குப் பல வருடம் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் அம்மாவின் கூறைச்சேலை ஒரு மரப்பெட்டிக்குள் 30 வருடம் கிடந்தது. ஒரு புள்ளி விழவில்லை. நான் அதைக் கொழும்புக்குக் கொண்டுவந்து, பத்திரமாக இருக்கட்டும் என்று பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் மடிப்பு நெடுகச் சாம்பல் நிறப் பூஞ்சணப் புள்ளிகள். அன்று அழுதேன். அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

கொழும்பில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய அதில் பாதிதான். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே பூஞ்சணம் வளரும். கொழும்பில் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான். ஆகவே பூஞ்சண மணம் என்றால் எங்கேயோ ஈரம் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். சாம்பிராணி போட்டும் வாசனைத் தெளிப்பான் அடித்தும் அதை மறைக்காதீர்கள். மணம் மறைந்திருக்கும் அந்த இரண்டு நாளிலும் பூஞ்சணம் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். காயவிடுவது முதல் வேலை, துடைப்பது இரண்டாவது, மிச்ச மணத்தை எடுப்பது கடைசி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

தொடங்குமுன் மாஸ்க் போடுங்கள். பூஞ்சணம் பிடித்த பொருளை வீட்டுக்குள் உதறாதீர்கள். மொட்டை மாடிக்கோ பல்கனிக்கோ கொண்டுபோங்கள். முட்டு வருத்தம் உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விடுவது நல்லது.

அலுமாரியை முழுவதும் வெறுமையாக்குங்கள். பாதி எடுத்து பாதி விட்டால் பயன் இல்லை. உள்ளே தட்டு, பின்பலகை, இழுப்பறையின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் வினாகிரியில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். தண்ணீர் கலக்க வேண்டியதில்லை. பிறகு சுத்தமான ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, கதவுகளைத் திறந்து வைத்து ஒரு முழு நாள் ஃபானை உள்ளே பார்த்து ஓட விடுங்கள். வினாகிரி மணம் தானாகப் போய்விடும். மரத்துக்குப் பிளீச் நான் சொல்ல மாட்டேன். அது மேலே வெளுக்கும், மரத்துக்குள் ஊறியதைத் தொடாது. முக்கியமாக, பிளீச்சையும் வினாகிரியையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். கழிவறை கழுவும் அமிலத்தோடும் பிளீச்சைச் சேர்க்கக் கூடாது. இரண்டிலிருந்தும் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும்.

அலுமாரியைத் திரும்ப வைக்கும்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். என் வீட்டில் பாதிப் பிரச்சினை இதனால் மட்டுமே தீர்ந்தது.

பருத்தி உடுப்புகள் சுலபம். வெளியே உதறி, 100 மில்லிலீற்றர் வினாகிரி கலந்த ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, துணி தாங்கும் அளவு சுடுதண்ணீரில் சலவைத்தூள் போட்டுத் தோயுங்கள். நல்ல வெயில் வேண்டும். மழை நாளில் தோய்த்து அறைக்குள் இரண்டு நாள் தொங்கவிட்டால் அதே மணம் திரும்பி வரும். இன்னொன்று, மினுக்கிய சூட்டோடு மடித்து அடுக்காதீர்கள். அதில் ஈரம் இருக்கும். ஆறவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

பட்டு வேறு கதை. தண்ணீர் வேண்டாம், வினாகிரி வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம். நிழலில், காற்று படும் இடத்தில், பழைய வேட்டியை விரித்து அதன்மேல் சேலையைப் பரப்புங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மென்மையான தூரிகையால் நூல் போகும் திசையில் மெதுவாகத் தட்டிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் பூஞ்சணம் நூலுக்குள் இறங்கிவிடும். மீதியை ட்ரை கிளீன் செய்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது இது பூஞ்சணம் என்று சொல்லிக் கொடுங்கள். அம்மாவின் கூறையில் இரண்டு புள்ளிகள் போகவே இல்லை. இப்போது அதைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன், சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுகிறேன். பொலித்தீன் கிட்டவே வரக் கூடாது.

பூச்சி உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணத்துக்கு அல்ல. சரிகையோடு அதை நேரே ஒட்டி வைக்காதீர்கள். கைக்குழந்தையின் உடுப்புக்குள் கட்டாயம் போடாதீர்கள். அதில் உள்ள நப்தலீன் சில குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், அது உயிராபத்து.

புத்தகங்களையும் வெயிலில் போடக் கூடாது. தாள் மஞ்சளாகி அட்டை வளையும். அப்பாவின் புத்தகங்களை நான் விசிறி போல விரித்து, நிமிர்த்தி வைத்து, நிழலில் ஃபான் காற்றில் காயவிட்டேன். காய்ந்த பிறகு தூரிகையால் முதுகுப் பக்கத்திலிருந்து வெளியே தட்ட வேண்டும். பிறகு மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு கோப்பை அப்பச்சோடாவைத் திறந்து வைத்து, அதில் படாமல் புத்தகங்களை நிறுத்தி ஒரு வாரம் மூடிவையுங்கள். மணம் நன்றாகக் குறையும். அப்பச்சோடாவுக்குப் பதில் துணியில் முடிந்த சிரட்டைக்கரியும் வைக்கலாம். புத்தகங்கள் நனைந்தே போய், எல்லாவற்றையும் ஒரே நாளில் காயவைக்க முடியாவிட்டால், பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பூஞ்சணம் அங்கே வளராது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, பக்கங்களுக்கு இடையில் வெள்ளைத் தாள் வைத்துக் காயவிடலாம். பத்திரிகைத் தாள் வேண்டாம், மை ஒட்டும்.

தோல் சப்பாத்து, கைப்பை: உலர்ந்த துணியால் துடைத்து, பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டில் பாதி தண்ணீர் கலந்து, மறைவான மூலையில் முதலில் பரீட்சித்து, பிறகு முழுவதும் துடையுங்கள். நிழலில் காயவிட்டுப் பொலிஷ் போடுங்கள்.

சுவரில் கறுப்புப் புள்ளி இருந்தால் அதன்மேல் பெயின்ற் அடிக்காதீர்கள். மேல்மாடிக் குழாய் கசிகிறதா, யன்னல் விளிம்பால் மழை இறங்குகிறதா என்று பாருங்கள். அதைத் திருத்தாமல் செய்யும் எதுவும் காசுக்குக் கேடு.

மெத்தை பற்றிக் கேட்பவர்கள் அதிகம். மேலே லேசாக மணந்தால் அப்பச்சோடா தூவி சில மணி நேரம் விட்டுக் கூட்டி எடுத்து, வெயிலில் நிமிர்த்தி வைக்கலாம். வெள்ளத் தண்ணீர் ஏறிய மெத்தையை வைத்திருக்க வேண்டாம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையில் என் தோழியின் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. மெத்தையை எறிய மனமில்லாமல் இரண்டு வாரம் காயவைத்தார்கள். மேலே காய்ந்தது, உள்ளே கறுத்துப்போயிருந்தது. நனைந்த பொருளைக் காயவைக்க உங்களுக்கு 24 முதல் 48 மணி நேரம்தான் இருக்கிறது. அதற்குள் முடிந்தவற்றை, உடுப்பு, பாத்திரம், பலகை, காப்பாற்றுங்கள். மெத்தையையும் தலையணையையும் விடுங்கள்.

தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவு செய்வோமே, அந்த நாட்களில் கொழும்பில் மழை குறைவு, காற்றும் சற்று உலர்ந்து வீசும். அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுக்க அதுதான் நல்ல நேரம். நான் சேலைகளை அப்போதுதான் பல்கனியில் விரிக்கிறேன், கடலைப் பார்க்காத பக்கத்துப் பல்கனியில்.