நெடுந்தீவில் மாசி, பங்குனி: புதிதாக வந்து தங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுத் தொடக்க இடமாற்றத்தில் யாழ்ப்பாண மாவட்டத்தின் நெடுந்தீவுக்கு வரும் ஆசிரியர்களும் அலுவலர்களும் முதலில் பார்ப்பது தீவின் நல்ல முகத்தைத்தான். மாரி முடிந்து, வாடைக்காற்றும் தணிந்திருக்கும். கடலைக் கொந்தளிக்க வைக்கும் தென்மேற்குக் காற்றான சோளகம் எழும்ப இன்னும் நாளிருக்கும். மேய்ச்சல் வெளியான தரவையெல்லாம் பச்சை, கிணறெல்லாம் தண்ணீர். ஆனால் இந்த மாதங்களில் பிடித்துக்கொள்ளும் பழக்கங்கள்தான் ஆடி, ஆவணியில் கழுத்தை நெரிக்கும்.

மிகப் பெரிய தவறு, கிணறு நிறைந்திருக்கிறதே என்று மோட்டர் போட்டு ஒரே மூச்சில் தொட்டி நிரப்புவது. இந்தத் தீவில் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. உப்புநீரைவிட நன்னீர் பாரம் குறைந்தது, அதனால்தான் மேலே நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: மேலே ஓரடி குறைந்தால், கீழேயிருந்து உப்புநீர் 40 அடி ஏறி வரும். சிறிய தீவுகளில் இரண்டும் கலந்துவிடுவதால் நிலைமை இன்னும் மோசம். வேகமாக இறைக்க இறைக்க, கிணற்றுக்கு நேர் கீழே உவர்நீர் கூம்பாக எழும்பும். அப்படி உவராகிவிட்ட கிணறு அடுத்த மாரி வரை தேறாமலே போகலாம்.

அதனால் வாளிதான் நல்லது. வாளியை அடிவரை அமிழ்த்தாமல், விளிம்பைச் சரித்து மேல்தண்ணீர் மட்டும் வழிந்து விழும்படி மொள்ளுங்கள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று அள்ளினால் கிணற்றுக்கு ஊற நேரம் கிடைக்கும். மோட்டர் இல்லாமல் முடியாது என்றால் சின்னதாகப் போடுங்கள், குழாயின் நுனியை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் வையுங்கள், இடையிடையே நிறுத்துங்கள். குடிக்க எந்தக் கிணறு, குளிக்க எது என்று அயலில் இருக்கும் அம்மாக்களிடம் கேளுங்கள். பத்து யார் (கெஜம்) தள்ளியிருக்கும் இரண்டு கிணறுகளின் சுவைகூட வேறாக இருக்கலாம்.

மழைநீர்த் தொட்டி உள்ள வீடு கிடைத்தால் அந்தத் தண்ணீரில் துணி துவைக்காதீர்கள், அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். பங்குனி முடிவதற்குள் கூரையையும் அதன் தண்ணீர் வழிந்தோடும் பீலியையும் கூட்டித் துடைத்துவிடுங்கள். சித்திரைச் சிறுமாரி வந்தால் முதல் தண்ணீரை வெளியே ஓடவிட்டு, அப்புறம் வருவதைத் தொட்டிக்குத் திருப்புங்கள்.

அடுத்தது குதிரைகள். தரவையில் கூட்டமாக மேயும் நெடுந்தீவுக் குதிரைகளுக்கு இப்போது புல்லும் குட்டைத் தண்ணீரும் போதுமான அளவு இருக்கிறது. பாண், பிஸ்கட் கொடுத்து வீட்டு வாசலுக்குப் பழக்குவது அன்பில்லை. வறட்சி முற்றும்போது தண்ணீரில்லாமல் அவை செத்து விழுந்த ஆண்டுகள் இருக்கின்றன. உங்கள் வளவுக்குப் பக்கத்தில் கால்நடைக்கான தொட்டி இருந்தால் இப்போதே வெடிப்பை அடைத்து, குப்பையை அள்ளி வையுங்கள். அந்த ஒரு தொட்டி கோடையில் உயிர் காக்கும்.

முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கியவை அவை. குறுக்கு வழிக்காக ஏறிக் குதித்தால் சரிந்துவிடும். அடுக்கத் தெரிந்தவர்கள் இப்போது அதிகம் இல்லை.

கடைசியாகப் படகு. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். கடல் அமைதியாக இருக்கிறது என்பதற்காக, கடைசிப் படகை நம்பி யாழ்ப்பாணத்தில் வேலைகளை அடுக்காதீர்கள். மாசி, பங்குனியில் கச்சதீவு அந்தோனியார் திருவிழா வரும். அந்த நாட்களில் படகு எப்போது ஓடும் என்பதை இறங்குதுறையில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் ஒரு மாத மருந்தைக் கையில் வைத்திருங்கள். சோளகம் தொடங்கினால் அதை இரண்டு மாதமாக்குங்கள்.