மாவட்ட கோர்ட் பீட் புதுசா கிடைச்சிருக்கா? இப்படி ஆரம்பிங்க

ஹைகோர்ட் செய்தி எழுத நிறைய பேர் இருக்காங்க. ஆனா கொலை, நிலத் தகராறு, விபத்து நஷ்டஈடு, ஜீவனாம்சம்னு ஜனங்களோட வழக்கெல்லாம் முதல்ல ஓடுறது கீழ்க்கோர்ட்லதான், அங்க தினமும் போய் உக்காந்து எழுதுற ஆள் ரொம்ப கம்மி. அதனால தமிழ்நாட்டுல ஏதாவது ஒரு மாவட்டத்துல உங்களுக்கு இந்த பீட், அதாவது கோர்ட் செய்தி சேகரிக்கற பொறுப்பு, கிடைச்சா லேசா நினைக்காதீங்க. ஒரு கிரிமினல் கேஸை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் எப்படி ஃபாலோ பண்றதுன்னு சொல்றேன், அது பிடிபட்டுட்டா மத்ததெல்லாம் ஈசி.

ஸ்டெப் 1: எந்த கோர்ட்ல எது நடக்கும்

முதல் சில நாள் செய்தி எழுதற அவசரம் வேணாம், காம்பவுண்டை சுத்தி வந்து போர்டு எல்லாம் படிங்க. சிவில் பக்கம் கீழ இருந்து மேல முன்சிஃப், சப் கோர்ட், மாவட்ட கோர்ட். கிரிமினல் பக்கம் ஜே.எம். (ஜூடிஷியல் மாஜிஸ்திரேட்), சி.ஜே.எம். (தலைமை ஜூடிஷியல் மாஜிஸ்திரேட்), செஷன்ஸ். மாவட்ட நீதிபதியும் செஷன்ஸ் நீதிபதியும் ஒரே ஆள்தான், சின்ன தாலுகாவுல முன்சிஃபும் ஜே.எம்.மும் கூட ஒரே ஆளா இருப்பாங்க. ஜே.எம். அதிகபட்சம் 3 வருஷம் ஜெயில் கொடுக்கலாம், சி.ஜே.எம். 7 வருஷம், செஷன்ஸ்ல ஆயுள், தூக்கு வரைக்கும் போகும், ஆனா தூக்குன்னா ஹைகோர்ட் உறுதி செஞ்சாதான் நிறைவேத்த முடியும். மகிளா கோர்ட் (பெண்கள் மேல நடக்கற குற்றத்துக்கு), போக்சோ கோர்ட் (குழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கு), குடும்ப நல கோர்ட் எல்லாம் தனி.

ஸ்டெப் 2: நம்பரைப் பிடிங்க

இது தெரியாம கோர்ட் பீட் பாக்கவே முடியாது. ஒரு கொலை கேஸ்னா ஸ்டேஷன்ல க்ரைம் நம்பர் இருக்கும். போலீஸ் ஜே.எம். கோர்ட்ல சார்ஜ் ஷீட் (குற்றப்பத்திரிகை) போட்டதும் அது பி.ஆர்.சி. நம்பர் ஆகும், செஷன்ஸுக்குப் போற வரைக்கும் இருக்கற நம்பர் அது. கொலையை ஜே.எம். விசாரிக்க முடியாது, அதனால எதிரிகளுக்கு (குற்றம் சாட்டப்பட்டவங்களை கோர்ட்ல இப்படித்தான் சொல்வாங்க) கேஸ் ஆவணங்களோட காப்பி கொடுத்து செஷன்ஸுக்கு கமிட் பண்ணுவாரு, அதாவது அனுப்பி வைப்பாரு, அங்க எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) நம்பர் விழும். ஜே.எம்.மே விசாரிக்கற கேஸ்னா சி.சி., சின்ன கேஸ்னா எஸ்.டி.சி. சிவில்ல மூல வழக்கு ஓ.எஸ்., அதுக்குள்ள போடற மனு ஐ.ஏ., ஜெயிச்ச பிறகு அமல்படுத்த போடறது ஈ.பி., விபத்து நஷ்டஈடு எம்.சி.ஓ.பி.

அப்புறம் சி.என்.ஆர். நம்பர்னு எழுத்தும் எண்ணும் கலந்து 16 இலக்கத்துல ஒண்ணு இருக்கும், அதை இ-கோர்ட்ஸ் ஆப்ல போட்டா அடுத்த வாய்தா என்னைக்கு, கேஸ் எந்த கட்டத்துல இருக்குன்னு வீட்டுல இருந்தே பாக்கலாம். ஒண்ணு மட்டும் கவனம், கமிட் ஆன கேஸை பழைய பி.ஆர்.சி. நம்பர்ல தேடினா முடிஞ்சு போன மாதிரி காட்டும், அதை நம்பி கேஸ் முடிஞ்சதுன்னு எழுதிடாதீங்க, விசாரணையே அப்பதான் ஆரம்பிக்கப் போகுது.

ஸ்டெப் 3: ரிமாண்டைப் பாருங்க

கைது பண்ணின ஆளை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி கொண்டு வரணும். அவரைக் காவல்ல வைக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் போடற உத்தரவுதான் ரிமாண்ட். புது ரிப்போர்ட்டர் பெரும்பாலும் போலீஸ் அனுப்பற பிரஸ் நோட்டோட இதை முடிச்சுடறாங்க. அப்படி விடக்கூடாத இடம் இதுதான். 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல அப்பா, மகன் ரெண்டு பேரை போலீஸ் பிடிச்சு, ரிமாண்ட் ஆகி கோவில்பட்டி கிளைச்சிறைக்குப் போன பிறகு ரெண்டு பேரும் இறந்தாங்களே, அப்ப ரிமாண்ட் எப்படி நடந்ததுன்னு நாடே கேட்டுச்சு. அதனால ஆளை நேர்ல கொண்டு வந்தாங்களா, காயம் இருக்கான்னு கேட்டாங்களா, வக்கீல் இருந்தாரா, இதெல்லாம் நோட் பண்ணுங்க. தேதியையும் எழுதி வைங்க, ஏன்னா குற்றத்தைப் பொறுத்து 60 இல்ல 90 நாளுக்குள்ள சார்ஜ் ஷீட் வரலைன்னா எதிரிக்கு ஜாமீன் கேட்கற உரிமை வந்துடும்.

ஸ்டெப் 4: வார்த்தையில கறார்

எஃப்.ஐ.ஆர். போட்டா அது புகார் பதிவு, அவ்வளவுதான். சார்ஜ் ஷீட்டுங்கறது போலீஸோட முடிவு. குற்றச்சாட்டு பதிவுங்கறது கோர்ட் செய்யறது. மூணும் வேற வேற. தீர்ப்பு வர்ற வரைக்கும் குற்றம் சாட்டப்பட்டவர்தான், குற்றவாளி இல்ல, இதை தலைப்புல கூட மீறாதீங்க, அந்த ஆளோட பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகணும். ஜாமீன் வந்தா கேஸ்ல இருந்து வெளிய வந்துட்டாருன்னு அர்த்தம் இல்ல. முன்ஜாமீன் ஜே.எம். கொடுக்க முடியாது, செஷன்ஸ் இல்ல ஹைகோர்ட்தான். விசாரணைக்கு முன்னாடியே எதிரியை விட்டா விடுவிப்பு, விசாரிச்சு முடிச்சு விட்டா விடுதலை.

செக்‌ஷன் நம்பர்லயும் இப்ப குழப்பம் ஜாஸ்தி. 2024 ஜூலை 1-ல இருந்து ஐபிசிக்கு (இந்திய தண்டனைச் சட்டம்) பதிலா பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்துடுச்சு, கொலைக்கு 302 போய் 103 ஆச்சு, ஆனா அதுக்கு முன்னாடி நடந்த குற்றம்னா இன்னைக்கும் ஐபிசி நம்பர்தான் ஓடும், ஒரே கோர்ட்ல ரெண்டையும் ஒரே நாள்ல கேப்பீங்க.

ஸ்டெப் 5: ஆளுங்களைத் தெரிஞ்சுக்கங்க

பெஞ்ச் கிளார்க், சிரஸ்தார் (கோர்ட் ஆபீஸ் தலைமை ஊழியர்), வக்கீல் குமாஸ்தா, கோர்ட் டியூட்டி போலீஸ், இவங்களுக்குத்தான் எந்த கேஸ் இன்னைக்கு உண்மையா நடக்கும், எது வாய்தா போகும்னு தெரியும். காலையில சீக்கிரமே போய் பேசிடுங்க, நீதிபதி உக்காந்த பிறகு அவங்களை தொந்தரவு பண்ணக் கூடாது. அரசு வக்கீல் சொன்னதை மட்டும் வச்சு எழுதாம எதிர்த்தரப்பு வக்கீல்கிட்டயும் கேளுங்க. சாட்சி பிறழ்ந்தா அது எத்தனையாவது சாட்சி, எதை மாத்திச் சொன்னார்னு குறிச்சுக்கங்க, தீர்ப்பு அன்னைக்கு அதுதான் கை கொடுக்கும்.

ஸ்டெப் 6: எழுதக் கூடாதது

போக்சோ கேஸ்ல குழந்தையோட பேர், போட்டோ, வீட்டு முகவரி, குடும்பம், ஸ்கூல், ஏரியா, அடையாளம் தெரியற மாதிரி எதுவும் போடக் கூடாது, போட்டா போக்சோ 23-வது பிரிவுல நம்ம மேலயே கேஸ் வரும், ஜெயில்னா குறைஞ்சது 6 மாசம். அப்பாதான் எதிரின்னா அப்பா பேரைப் போட்டாலே குழந்தை யாருன்னு ஊருக்கே தெரிஞ்சுடும், பல பேர் தவறுறது இங்கதான். பாலியல் வன்கொடுமை கேஸ்ல பாதிக்கப்பட்டவங்க அடையாளமும் அப்படித்தான், பிஎன்எஸ் 72.

ஸ்டெப் 7: தீர்ப்பு நாள்

வாசல்ல யாரோ சொன்னதை வச்சு எழுதாதீங்க, உத்தரவைப் படிங்க. 10 வருஷம், 7 வருஷம், 3 வருஷம்னு தனித்தனியா இருந்து ஏககாலத்துல அனுபவிக்கணும்னு நீதிபதி சொல்லியிருந்தா தண்டனை 10 வருஷம்தான், கூட்டி 20 வருஷம்னு தலைப்பு போட்டா தப்பு. கைதானப்ப நீங்க பேரோட எழுதியிருந்து இப்ப விடுதலை ஆகியிருந்தா, அதே அளவுக்கு இதையும் போடச் சொல்லி டெஸ்க்ல சண்டை போடுங்க.

ஜே.எம். கொடுத்த தண்டனைன்னா செஷன்ஸ்ல அப்பீல் போட 30 நாள், செஷன்ஸ் கொடுத்ததுன்னா ஹைகோர்ட்ல 60 நாள் (தூக்குன்னா 30), திருச்சி, தென்மாவட்டங்கள் பக்கம்னா ஹைகோர்ட்டோட மதுரை பெஞ்ச், கோவைன்னா சென்னை. அந்த தேதியை டைரியில இப்பவே குறிச்சு வச்சு, அப்பீல் போட்டாங்களா, தண்டனையை நிறுத்தி வச்சாங்களான்னு பாத்து ஒரு ஃபாலோ-அப் எழுதுங்க.