கொட்டானுக்குள் ஒரு சிந்தசைசர்: முதல் கிட் செய்பவர்களுக்கு

மின்சாரத்தால் ஒலி எழுப்பும் இசைக்கருவி சிந்தசைசர்; அதை நாமே பூட்டிக்கொள்ள உதிரிகளாக வருவது கிட். என் முதல் சிந்தசைசர் கிட் செட்டிநாட்டுப் பள்ளத்தூர் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கிறது. இருநூறுக்கு மேல் உதிரி. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சால்டரிங் செய்து, பேட்டரியை மாட்டினால் மூச்சுப் பேச்சில்லை. எங்கே தப்பு என்று தேடவும் தெரியவில்லை. எந்தப் பகுதி என்ன வேலை பார்க்கிறது என்றே தெரியாமல் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சொருகிக்கொண்டு போனால் அப்படித்தான் ஆகும்.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பெரிய கிட் வேண்டாம். கீபோர்டு வேண்டாம். ஒரே ஒரு ஐசி (சிப்), சுருதிக்கு இரண்டு குமிழ் உள்ள கிட் போதும். ‘அடாரி பங்க் கன்சோல்’ என்று தேடுங்கள், கிடைக்கும். 1980-ல் ஃபாரஸ்ட் மிம்ஸ் என்ற அமெரிக்கர் வெளியிட்ட சர்க்யூட் அது; இந்தப் பெயர் பின்னால் வேறு சிலர் வைத்தது. ஒலியைச் செதுக்கும் ஃபில்டர் இல்லாததால் இதைச் சிந்தசைசர் என்றே ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. ஃபில்டரையும் கடைசியில் நாமே போட்டுவிடுவோம், வாயை மூடிக்கொள்ளட்டும்.

என்னென்ன வேண்டும்

கிட்டில் வருவது: 556 ஐசி ஒன்று, அதற்கு 14 கால் சாக்கெட், 500 கிலோ ஓம் பாட் (திருகினால் தடை மாறும் குமிழ்) இரண்டு, ஒலியளவுக்கு 5 கிலோ ஓம் பாட் ஒன்று, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் சில, 0.01, 0.1, 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர்கள், 8 ஓம் ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி கிளிப், பிசிபி (உதிரிகளைச் சொருகும் செம்புக் கோடு போட்ட அட்டை). கிட்டாக வாங்காமல் உதிரியாகவே வாங்க நினைப்பவர்களுக்குச் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது. காரைக்குடியிலேயே டிவி ரிப்பேர் கடைகளில் கேட்டால் பாதி தேறும்.

கருவி: 25 வாட் சால்டரிங் அயர்ன், மெல்லிய லெட் சுருள் (சால்டரிங் செய்யும் ஈயக் கம்பி), கட்டிங் பிளேயர், ஒரு சாதாரண மல்டிமீட்டர். மீட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள். என் முதல் கிட்டில் 10 கிலோ ஓம் இருக்கவேண்டிய இடத்தில் 100 கிலோ ஓம் உட்கார்ந்திருந்ததை இரண்டு வருஷம் கழித்து மீட்டர்தான் காட்டிக் கொடுத்தது. ரெசிஸ்டரின் மதிப்பைச் சொல்லும் வண்ணக் கோடுகளில் பழுப்பு-கருப்பு-ஆரஞ்சும் பழுப்பு-கருப்பு-மஞ்சளும் டியூப் லைட் வெளிச்சத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

எங்கே உட்காருவது

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் எர்த் இல்லாத இரண்டு துளை பிளக் பாயிண்ட் உண்டு. அதில் அயர்னைச் செருகாதீர்கள். மூன்று துளை உள்ள பாயிண்ட் வீட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறதோ அங்கே போங்கள். நான் உட்காருவது வளவில், அதாவது வீட்டு நடுவில் திறந்த முற்றம் உள்ள பகுதியில், முற்றத்து ஓரம். புகை மேலே போய்விடும். மின்விசிறிக் காற்று நேராகப் படக்கூடாது, நுனி சூடு ஏறாமல் ஈயம் உருண்டை உருண்டையாக நிற்கும். கீழே கட்டாயம் ஒரு பலகை போடுங்கள். ஆத்தங்குடித் தரைக்கல்லில் சொட்டு விழுந்து நான் அப்பத்தாவிடம் வாங்கியது போதும்.

ஈயம் வைப்பது

இதில் மட்டும் அவசரம் ஆகாது. 60/40 ஈயம் (வெள்ளீயம் 60, காரீயம் 40 பங்கு) 190 டிகிரிக்குள் உருகிவிடும், அயர்ன் நுனியின் சூடு அதைவிட வெகு அதிகம். புதியவர்கள் செய்யும் தப்பு, ஈயத்தை அயர்ன் நுனியில் உருக்கி அந்தச் சொட்டைக் கொண்டுபோய் ஒட்டுவது. பணியாரக் கல்லில் மாவு ஊற்றுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: கல் காயவேண்டும், பிறகுதான் மாவு. நுனியை உதிரியின் காலுக்கும் பிசிபியின் செம்பு வட்டத்துக்கும் ஒருசேரத் தொடும்படி வைத்து, ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணுங்கள். பிறகு ஈயக் கம்பியை நுனியில் தொடாமல், எதிர்ப்பக்கத்திலிருந்து காலில் தொடுங்கள். அது தானாக உருகி ஓடி, காலைச் சுற்றிக் கூம்பாக ஏறி நிற்கும். பளபளப்பாக, ஓரம் குழிந்து இருந்தால் சரி. மங்கலாக, மேலே ஒட்டவைத்த மிளகு மாதிரி இருந்தால் ஈயம் பிடிக்கவில்லை. திரும்பச் சூடு காட்டுங்கள். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பலகாரத் தட்டில் கை வைக்கவேண்டும். லெட்டில் காரீயம் இருக்கிறது.

எதை முதலில் வைப்பது

குட்டையானது முதலில், உயரமானது பின்னால். ரெசிஸ்டர், பிறகு சாக்கெட், பிறகு சின்ன கெப்பாசிட்டர், கடைசியாக 10 மைக்ரோ ஃபாரட், பாட், வயர்கள். ரெசிஸ்டருக்குப் பக்கம் கிடையாது, எப்படிப் போட்டாலும் ஒன்றுதான். சின்ன கெப்பாசிட்டரில் 103 என்று இருந்தால் 0.01, 104 என்றால் 0.1. இந்த இரண்டும் இடம் மாறினால் சத்தம் வரும், ஆனால் தாறுமாறாக வரும். 10 மைக்ரோ ஃபாரட்டுக்குப் பக்கம் உண்டு: நீளக் கால் பிளஸ், உடம்பில் கோடு போட்ட பக்கம் மைனஸ், பிளஸ் ஐசியைப் பார்த்து இருக்கட்டும்.

ஐசியை இப்போது செருகவேண்டாம். முதலில் மீட்டரைப் ‘பீப்’ நிலையில் வைத்து, பேட்டரி கிளிப்பின் சிவப்பு, கருப்பு இரண்டையும் தொட்டுப் பாருங்கள். பீப் அடித்தால் எங்கோ இரண்டு புள்ளிகள் ஈயத்தால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அடிக்கவில்லை என்றால் பேட்டரி மாட்டி, சாக்கெட்டின் 14-ஆம் காலுக்கும் 7-ஆம் காலுக்கும் (எண்ணும் முறை கீழே) இடையே 9 வோல்ட் வருகிறதா பாருங்கள். 4, 10 ஆகிய கால்களிலும் அதே 9 வோல்ட் வரவேண்டும். வராவிட்டால் ஐசி பேசாது. எல்லாம் சரி என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஐசியைச் செருகுங்கள். பிறைபோல் வெட்டுள்ள தலைப்பக்கம் பிசிபியில் வரைந்த வெட்டோடு பொருந்தவேண்டும். மேலிருந்து பார்த்தால் வெட்டுக்கு இடப்பக்கம் 1, அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றாக எண்ணிக்கை. திருப்பிப் போட்டால் ஐசி விரலைச் சுடும்.

பாதியை மட்டும் கேளுங்கள்

556 என்பது ஒரே ஓட்டுக்குள் இரண்டு 555 டைமர் ஐசி. 555-ஐ 1971-ல் வடிவமைத்தவர் ஹான்ஸ் கமென்சிண்ட். அது செய்கிற வேலையை எங்கள் வளவில் மழைநாளில் பார்க்கலாம். கூரைத் தண்ணீர் தகரத் தூம்பு வழியாக முற்றத்து அண்டாவில் விழுகிறது. அண்டா மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் ஒருவர் சட்டென்று இறைத்துக் கொட்டுகிறார், மூன்றில் ஒரு பங்குக்கு வந்ததும் விட்டுவிடுகிறார், மறுபடி நிறைகிறது. அண்டாதான் கெப்பாசிட்டர். தூம்பின் குறுகலைக் கூட்டிக் குறைப்பது பாட். ஐசி செய்வதெல்லாம் அந்த இரண்டு கோட்டையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான். நொடிக்கு எத்தனை தடவை இறைக்கிறதோ அதுவே சுருதி.

கணக்கு வேண்டுமானால்: 1.44-ஐ, முதல் ரெசிஸ்டரும் (இங்கே முதல் குமிழ்) இரண்டாவதின் (1 கிலோ ஓம்) இருமடங்கும் சேர்ந்த தொகையாலும் கெப்பாசிட்டராலும் (0.01) வகுக்கவேண்டும். முதல் குமிழை முழுக்க இறுக்கினால் கிட்டத்தட்ட 287 ஹெர்ட்ஸ். எதிர்ப்பக்கம் திருகத் திருகக் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

ஸ்பீக்கரின் ஒரு வயரைப் பேட்டரி மைனஸில் வைத்து, இன்னொன்றை ஒரு 10 மைக்ரோ ஃபாரட் வழியாக 5-ஆம் காலில் தொடுங்கள். கொசு ரீங்காரம் மாதிரி மெலிசாகக் கேட்டால் முதல் பாதி உயிரோடு இருக்கிறது. பரணில் கிடக்கும் கிட்டில் இப்படிப் பாதி பாதியாகக் கேட்டிருந்தால் அது பரணுக்கே போயிருக்காது.

படி படியாக இறங்கும் சுருதி

இப்போது ஸ்பீக்கரை உரிய இடத்தில் இணையுங்கள், அதாவது 9-ஆம் காலிலிருந்து வரும் வழியில். முதல் குமிழை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு இரண்டாவதை மெதுவாகத் திருகுங்கள். சுருதி வழுக்கிக்கொண்டு போகாது. நிற்கும், குதிக்கும், நிற்கும், குதிக்கும்.

காரணம் இது. இரண்டாவது பாதியை ஒருமுறை தட்டினால் அது குறிப்பிட்ட நேரம் விழித்திருந்துவிட்டு அணைந்துவிடும். விழித்திருக்கும்போது தட்டினால் கண்டுகொள்ளாது. முதல் பாதி விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. விழித்திருக்கும் நேரம் கொஞ்சம் நீண்டால் இரண்டு தட்டுக்கு ஒருமுறை விழிக்கும். இன்னும் நீண்டால் மூன்றுக்கு ஒருமுறை, நான்குக்கு ஒருமுறை. ஆகவே சுருதி பாதியாக, மூன்றில் ஒன்றாக, நான்கில் ஒன்றாகத்தான் இறங்க முடியும், நடுவில் நிற்க இடமில்லை.

பாட்டுக் கற்றவர்களுக்கு இது வேறொன்றும் சொல்லும். நான்கில் ஒன்றைச் சட்ஜமமாக வைத்தால், மூன்றில் ஒன்று சுத்த மத்யமம், இரண்டில் ஒன்று மேல் சட்ஜமம். நான் செய்வது: போனில் தம்பூரா செயலியை ஒரு கட்டையில், அதாவது சுமார் 261.6 ஹெர்ட்ஸில் ஓடவிடுவேன். இரண்டாவது குமிழை நான்காம் படியில் நிறுத்தி, முதல் குமிழைத் தம்பூராவோடு சேரும்வரை மயிரிழையாகத் திருகுவேன். சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில் ‘வா...வ் வா...வ்’ என்று ஒரு அலை கேட்கும். அலை மெதுவாகி நின்றால் சேர்ந்துவிட்டது. அதன்பின் இரண்டாவது குமிழைத் திருகினாலே ச-ம-ச் கிடைக்கும்.

இங்கே கிட்டின் ஒரு குறையைச் சொல்லவேண்டும். மேலே சொன்ன நான்காம் படி 30 கிலோ ஓம் பக்கத்தில் வருகிறது. குமிழோ 500 கிலோ ஓம். நல்ல படிகளெல்லாம் திருகலின் தொடக்கத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். மிச்சத் திருகல் முழுக்க வெறும் டர்ர்ர். இரண்டாவது பாட்டை மட்டும் 100 கிலோ ஓமாக மாற்றிவிடுங்கள். சின்னச் செலவு, பெரிய நிம்மதி.

முதல் நாள் இதை இயக்கியபோது உள்ளே இருந்து அப்பத்தா குரல் கொடுத்தது: “என்னப்பா அது, மழை பெஞ்ச மறுநாள் ஊருணித் தவளை மாதிரில்ல கத்துது!” இதைவிடச் சரியாக இந்தச் சத்தத்தை யாரும் வர்ணித்து நான் கேட்டதில்லை.

பெட்டி

முதலில் சீடை போட்டுவைக்கிற தகர டப்பாவில்தான் பொருத்தினேன். பார்க்க அழகு. மூடியை அழுத்தியதும் சத்தம் நின்றது, பேட்டரி சுட்டது. பிசிபியின் அடிப்பக்கக் கால்களெல்லாம் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. தகரம்தான் வேண்டும் என்றால் அடியில் அட்டை வைத்து, பிசிபியைத் தூக்கி நிறுத்தும் பிளாஸ்டிக் ஸ்பேசர் போடுங்கள்.

பிறகு மாறியது கொட்டானுக்கு, எங்கள் பக்கத்துப் பனையோலைக் கூடைக்கு. பனையோலை மின்சாரம் கடத்தாது, கத்தரிக்கோலாலேயே துளை போடலாம், பின்னல் இடுக்கு வழியாக ஸ்பீக்கர் சத்தம் தாராளமாக வெளியே வரும். மூடி உள்ள கொட்டானாகப் பாருங்கள். மூடியில் மூன்று பாட், உள்ளே அடியைப் பார்த்தபடி ஸ்பீக்கர். வயர் சால்டரிங்கை வெளியே முடித்துவிட்டுத்தான் உள்ளே வைக்கவேண்டும், ஓலை கருகிவிடும்.

குமிழுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடினேன். பழைய வால்வு ரேடியோவின் பேக்கலைட் குமிழ்கள் கிடைத்தன. அவற்றின் துளை கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர், இன்றைய பாட்டின் தண்டு 6 மில்லிமீட்டர். தண்டில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் சுற்றிப் பக்கவாட்டுத் திருகை இறுக்கினால் ஆட்டம் இல்லை.

இன்னும் இரண்டு வேலை

ஃபில்டர். வெளி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்க 9-ஆம் காலிலிருந்து தனியாக ஒரு வழி எடுங்கள்: 10 மைக்ரோ ஃபாரட், அடுத்து 1 கிலோ ஓம், அடுத்து 10 கிலோ ஓம் பாட், அது முடியும் இடத்திலிருந்து மைனஸுக்கு ஒரு 0.1. குமிழைத் திருகினால் உயர்ந்த ஒலிகளை வெட்டும் இடம் சுமார் 1,600 ஹெர்ட்ஸிலிருந்து 145 வரை இறங்கும், தவளை கிணற்றுக்குள் போன மாதிரி. அங்கிருந்து நேராக ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்துவிடாதீர்கள், 9 வோல்ட் சத்தம் அதற்கு மிக அதிகம். வரிசையில் 100 கிலோ ஓம் போட்டு, அதன் முனையிலிருந்து மைனஸுக்கு 10 கிலோ ஓம் இறக்கி, அந்த இரண்டும் சேரும் இடத்திலிருந்து வயர் எடுங்கள். ஒரு வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும்.

எல்டிஆர். இரண்டாவது பாட்டைக் கழற்றிவிட்டு அதே இரண்டு புள்ளிகளில் ஒரு எல்டிஆரை வைத்துப் பாருங்கள். வெளிச்சம் பட்டால் அதன் தடை குறையும், நிழலில் கூடும். காலை பதினொரு மணிக்கு முற்றத்தில் வெயில் இறங்குகிற கோட்டுக்குப் பக்கத்தில் கொட்டானை வைத்தேன். வெயில் மேலே இருக்கும்வரை உச்சியில் ஒரே சுருதி. கோடு நகர்ந்து நிழல் ஏற ஏற, படி படியாக இறங்கியது. நடுவில் ஒரு காக்கை ஓட்டு விளிம்பில் வந்து உட்கார்ந்ததும் இரண்டு படி தடாலென்று விழுந்து, அது பறந்ததும் திரும்ப ஏறியது. அப்பத்தா வற்றல் தட்டோடு வந்து முறைத்துப் பார்த்துவிட்டு, தட்டை வெயிலில் தள்ளி வைத்தது. தட்டின் பளபளப்பு பட்டு இன்னொரு படி ஏறிற்று.