எது முதலில் மாறியது? டிமென்ஷியாவின் வகையை அறியும் வழி

டிமென்ஷியா என்பது தனியொரு நோயன்று; மூளையைத் தாக்கும் பல நோய்களால் நினைவோ சிந்தனையோ நடத்தையோ குலைந்து, அன்றாடக் காரியங்களே தடுமாறும் நிலைக்குரிய பொதுப்பெயர். வகையை உறுதிசெய்வது மருத்துவரின் பணி என்றாலும், அதற்கு வேண்டிய தடயம் பெரும்பாலும் வீட்டாரிடமே இருக்கிறது. எந்த மாற்றம் முதலில் வந்தது, எவ்வளவு வேகத்தில் வளர்ந்தது என்பதைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.

இளமைக்கால நிகழ்ச்சிகளைத் துல்லியமாகச் சொல்பவர், காலையில் சாப்பிட்டதை மறந்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், அந்த மறதியும் மெல்ல மெல்லக் கூடுகிறது என்றால் அல்சைமர் என்று ஐயுறலாம். அது முதியோருக்கு மட்டுமே உரியதன்று: 1906-இல் இந்நோயை முதலில் விவரித்த ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் கண்ட பெண், மருத்துவமனையில் சேர்ந்தபோது 51 வயதினர்.

ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவர், அல்லது பக்கவாதம் வந்தவர், சில மாதங்கள் ஒரே நிலையில் இருந்துவிட்டுத் திடீரென ஒரு படி இறங்கினால், ரத்தக்குழாய் சார்ந்த வகையாக இருக்கக்கூடும்.

மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, மூளைச் செல்களில் லூயி பாடி எனும் புரதத் திரள்கள் சேர்வதால் வரும் லூயி பாடி வகை. அறையில் இல்லாத குழந்தைகளும் விலங்குகளும் கண்ணுக்குத் தெரிவது, ஒருநாள் தெளிவும் மறுநாள் குழப்பமுமாக இருப்பது, நடை தளர்ந்து உடல் விறைப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். உறக்கத்தில் கைகால்களை வீசுவது பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கலாம். பேய் பிடித்ததாக எண்ணி மந்திரிக்கப் போவது காலவிரயம். இல்லாதது தெரிவதை அடக்கத் தரப்படும் ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் இவர்களுக்குக் கடும் தீங்கு செய்யக்கூடும் என்பதால், இவ்வறிகுறிகளை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்கும் முன்மூளை வகையில் நினைவு ஓரளவு நன்றாகவே இருக்கும்; கூச்சமற்ற பேச்சு, இரக்கமின்மை, இனிப்பின் மீது தீராத ஆசை என்று குணமே மாறிவிடும். சிலருக்கோ சொற்கள் நழுவும்.

வயது ஏற ஏற இரண்டு வகைகள் கலந்திருப்பதும் சாதாரணம். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே தோற்றம் காட்டும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ குழப்பம் வந்தால், அது தொற்றாகவோ மருந்தின் விளைவாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம்; நோட்டைத் தேடிக்கொண்டிராமல், அவர் உண்ணும் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.