ரொறன்ரோவில் முதல் குளிர்காலம்: எந்த ஹொக்கி ஆட்டங்களைப் பார்ப்பது?

ஒக்டோபர் பிறந்தால் வேலையிடத்தில் கதை மாறிவிடும். கோப்பிக் கோப்பையோடு நிற்பவர்கள் எல்லாரும் லீவ்ஸ், லீவ்ஸ் என்பார்கள். ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் என்ற பனி ஹொக்கி அணியைத்தான் சொல்கிறார்கள். கிரிக்கெற்றோடு வளர்ந்த எங்களுக்கு ஆரம்பத்தில் ஒன்றும் பிடிபடாது. அதற்காக எல்லா ஆட்டத்தையும் இருந்து பார்க்க வெளிக்கிடாதீர்கள். தேசிய ஹொக்கி லீக்கில் 32 அணிகள். ஒவ்வொன்றுக்கும் பருவத்தில் 82 ஆட்டங்கள் இருந்தன, 2026-27 இலிருந்து 84. அதற்குப் பிறகு இரண்டு மாதம் பிளேஓஃப், அதாவது கிண்ணத்துக்கான இறுதிக்கட்டத் தொடர்கள். இரண்டு வேலை செய்கிறவரால் இது ஆகாது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களே முழுவதையும் பார்ப்பதில்லை. பத்துப் பதினைந்து ஆட்டங்களைத் தெரிந்தெடுத்து ஒழுங்காகப் பாருங்கள். மற்றதன் முடிவைக் காலையில் பஸ்ஸில் போனில் பார்த்தால் போதும்.

என்னைக் கேட்டால், முதலில் குறிக்கவேண்டியது மொன்றியல் கனேடியன்ஸ் அணியோடு லீவ்ஸ் மோதும் சனிக்கிழமை. சனி இரவு ஏழு மணி ஆட்டம் இந்த நாட்டின் பழைய வழக்கம். ‘ஹொக்கி நைற் இன் கனடா’ 1952 முதல் தொலைக்காட்சியில் வருகிறது. மொன்றியல் 24 முறை ஸ்டான்லி கிண்ணம் என்ற சாம்பியன் கிண்ணத்தை வென்ற அணி, ரொறன்ரோ 13 முறை. லீவ்ஸ் கடைசியாக வென்றது 1967இல், அதுவும் மொன்றியலைத் தோற்கடித்து. அந்த லீவ்ஸ் அணியில் பின்களத்தில் ஆடியவர்தான் ரிம் ஹோர்ட்டன். நாங்கள் காலையில் வரிசையில் நிற்கிற கோப்பிக் கடைக்கு அவருடைய பெயர்தான். அதற்குப் பிறகு லீவ்ஸுக்குக் கிண்ணமே இல்லை. 2021இல் இதே மொன்றியலுக்கு எதிராக பிளேஓஃப் முதல் சுற்றில், ஏழு ஆட்டத் தொடரில் 3-1 என்று முன்னால் நின்றுவிட்டு 4-3 என்று தொடரையே கைவிட்டார்கள். வேலையிடத்து அலுப்புப் பேச்சுக்கு அடியில் கிடப்பது இதெல்லாம்தான்.

ஒட்டாவா செனட்டர்ஸ் ஆட்டங்களை ‘ஒன்ராறியோச் சமர்’ என்பார்கள். 2025 வரை இரண்டு அணிகளும் பிளேஓஃபில் ஐந்து முறை சந்தித்தன, ஐந்திலும் ரொறன்ரோதான் வென்றது. அதனால் ஒட்டாவாக்காரர் கோபத்தோடுதான் வருவார்கள், ஆட்டமும் சூடாக இருக்கும். பொஸ்டன் புரூயின்ஸ் என்றால் கதை மறுவளம். 2013, 2018, 2019, 2024 என்று நான்கு தடவை ஏழாவது ஆட்டத்தில் லீவ்ஸை வீட்டுக்கு அனுப்பியவர்கள். 2013இல் அந்த ஏழாவது ஆட்டத்தின் மூன்றாவது, கடைசிப் பகுதியில் லீவ்ஸ் 4-1 என்று முன்னால் இருந்துவிட்டுத் தோற்றார்கள். அதைப் பற்றி வயதான லீவ்ஸ் ரசிகரிடம் கேட்கவேண்டாம், அவர் பாவம்.

எட்மன்டன் ஒயிலர்ஸ் போன்ற மேற்கு அணிகள் ரொறன்ரோவுக்கு வருடத்தில் ஒருமுறைதான் வரும். அந்த ஒரு நாளை விடாதீர்கள். ஒயிலர்ஸ் தலைவர் கொனர் மக்டேவிட் ரொறன்ரோவுக்கு வடக்கே நியூமார்க்கெற்றில் வளர்ந்தவர். பக் என்ற அந்தச் சின்ன ரப்பர் வட்டு எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் அதை விட்டுவிட்டு அவரையே பாருங்கள். நடுக்கோட்டில் வேகம் எடுத்தார் என்றால் முன்னால் நிற்கும் பின்கள ஆட்டக்காரர்கள் பின்பக்கமாகவே சறுக்கத் தொடங்குவதைக் காணலாம்.

விட்டுவிடக்கூடியவையும் உண்டு. செப்டெம்பர் பயிற்சி ஆட்டங்கள் வேண்டவே வேண்டாம். அடுத்தடுத்த இரு இரவுகளில் ஆட்டம் இருந்தால் இரண்டாவதை விடலாம். கால் களைத்திருக்கும், பெரும்பாலும் இரண்டாம் நிலைக் கோலி, அதாவது கோல் காப்பாளர்தான் நிற்பார். கிழமை நாட்களில் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கும் வன்கூவர், கல்கரி ஆட்டங்கள் காலை வேலைக்காரருக்குச் சரிவராது.

மார்ச்சில் புள்ளி அட்டவணையை எடுத்துப் பாருங்கள். வெற்றிக்கு 2 புள்ளி, மேலதிக நேரத்தில் தோற்றால் 1. நான்கு பிரிவுகள் ஒவ்வொன்றிலும் முதல் மூன்று அணிகளும், லீக்கின் கிழக்குப் பாதியிலும் மேற்குப் பாதியிலும் மிஞ்சியவற்றில் இரண்டிரண்டு அணிகள் ‘வைல்ட் கார்ட்’ ஆகவும் பிளேஓஃபுக்குள் போகும், மொத்தம் 16. அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்தில் நிற்கும் இரண்டு அணிகள் மோதினால் அதை ‘நாலு புள்ளி ஆட்டம்’ என்பார்கள். நீ எடுக்கிற இரண்டை அவன் இழக்கிறான் என்று கணக்கு. பெயர் தெரியாத அணிகளாக இருந்தாலும் பரவாயில்லை, பாருங்கள். கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு கோல் பின்னால் நிற்கிற அணி தன் கோலியை வெளியே கூப்பிட்டு, அவருக்குப் பதில் ஆறாவது ஆட்டக்காரரை இறக்கும். வலை வெறுமையாகக் கிடக்கும். இவர்கள் மறுபக்கத்தில் முட்டி மோதுவார்கள். எதிரணி எப்படியாவது பக்கைப் பறித்து, முழுத் தளத்தையும் தாண்டி அந்த வெறும் வலைக்குள் அடிக்கப் பார்க்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் ‘கோலியைக் காணேல்லையே’ என்று கத்துவார்கள்.

ஏப்ரல் நடுப்பகுதியில் பிளேஓஃப் தொடங்கினால் இந்தத் தெரிவெல்லாம் சுலபம். நான்கு சுற்று, ஒவ்வொன்றிலும் நான்கு வெற்றி எடுப்பவர் மேலே போவார். ஏழாவது ஆட்டம் என்று எது வந்தாலும், எந்த அணியாக இருந்தாலும், அன்று நேரத்தை ஒதுக்கிவையுங்கள். விளையாட்டுத் தொலைக்காட்சிக்குக் காசு கட்டுவதென்றால் ஒக்டோபரில் வருடச் சந்தாவுக்குப் போகாமல் இந்த மாதங்களுக்கு மட்டும் கட்டினால் காசு மிச்சம். ஒன்று கவனம்: பருவத்தில் மேலதிக நேரம் ஐந்து நிமிடம், பிறகு தனித்தனியாகக் கோல் அடித்து முடித்துவிடுவார்கள். பிளேஓஃபில் அப்படியில்லை. ஒருவர் கோல் போடும்வரை இருபது இருபது நிமிடமாக நீளும், நடுச்சாமமும் தாண்டும். தொடர் முடிந்ததும் கையோடு அணைத்துவிடாதீர்கள். இரண்டு கிழமை அடிபட்டவர்கள் தாடியோடு வரிசையாக வந்து கைகொடுத்துப் போவார்கள்.

நேரில் போக ஆசை என்றால் லீவ்ஸ் ரிக்கற் விலையைப் பார்த்து மனம் தளரவேண்டாம். கோக்கா-கோலா கொலிசியத்தில் ஆடும் மார்லிஸ் லீவ்ஸுக்கு அடுத்த நிலை அணி, விலையும் வீட்டுக்கணக்குக்குக் கட்டுப்படும். அதே அரங்கில் ஆடும் ரொறன்ரோ செப்ரர்ஸ், 2024இல் தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீக்கில் ஓர் அணி. பெண் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். இரண்டு இடங்களிலும் ஆட்டக்காரர்கள் கண்ணாடிக்குப் பக்கத்தில் மோதும் சத்தம் மலிவான இருக்கை வரை கேட்கும். யூனியன் நிலையத்திலிருந்து மேற்கே போகும் லேக்‌ஷோர் வெஸ்ட் கோ ரயிலில் அடுத்த நிறுத்தம் எக்ஸிபிஷன், அங்கே இறங்கி நடக்கலாம். உள்ளேயும் குளிரும், பிள்ளைகளின் ஜக்கெற்றைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.